டவர் வண்டி நின்ற இரண்டு நாள்

பிரபாகர் முதல் தடவை கரட்டுப்புதூருக்கு வந்தபோது கோழி நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே பேசினான். பேசி முடிக்கிற வரைக்கும் அதை எடுக்கவில்லை. அதனால் அவன் சொன்னதில் பாதி ரஞ்சிதாவுக்குப் புரியவில்லை. புரிந்த பாதி இதுதான்: அவன் செவ்வானம் செல்போன் கம்பெனியின் சேலம் வட்டார மேலாளர். இளம் தொழில்முனைவோரைக் கைதூக்கிவிட அந்தக் கம்பெனி 'சிறகு' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துப் பத்துப் பேரைப் பொறுக்கியிருக்கிறார்கள். அதில் அவளும் ஒருத்தி.

கோழி மருந்துக் கடைக்காரர் யாரோ அவள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். ரஞ்சிதாவுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஊரிலேயே பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொழில் ஆரம்பித்தவள். பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடுவதுதான் தொழில். ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. ஒருத்தி பிடிப்பாள், ஒருத்தி போடுவாள். பத்தாயிரம் கோழியை விடியற்காலை தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். ஒரு கோழிக்குக்கூட இறக்கை ஒடியாது. புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் நாற்பது பண்ணைக்காரர்களுக்கு அவள் நம்பர் மனப்பாடம்.

நம்பர்தான் மனப்பாடம். கூப்பிட்டால் கிடைக்காது. கரட்டுப்புதூரில் எந்தக் கம்பெனி சிக்னலும் எடுக்காது. செவ்வானம் மட்டும் காற்றடிக்கிற திசையைப் பொறுத்து ஒரு கோடு காட்டும், மறுபடி படுத்துவிடும். அதனால் தினமும் சாயங்காலம் ரஞ்சிதா மொபெட்டை எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலைக்குப் போய், பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் நிற்பாள். மறுநாள் வேலை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் முடிவாகும். லாரிக்காரர்கள் அவளைப் பார்த்து என்னென்னவோ நினைத்துக்கொண்டு போவார்கள்.

பிரபாகர் தன் செல்போனில் ஒரு படிவத்தைத் திறந்தான். தொழிலை வளர்க்க உங்களுக்கு என்ன தேவை என்று அதில் ஒரு கேள்வி. கீழே நான்கு கட்டம்: விளம்பரம், வழிகாட்டி, டிஜிட்டல் பயிற்சி, தன்னம்பிக்கை.

டவர் வேண்டும் என்றாள் ரஞ்சிதா.

"டவர் நெட்வொர்க் டிபார்ட்மெண்ட், மேடம். நாங்க சப்போர்ட்" என்றான் பிரபாகர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

தன்னம்பிக்கை என்ற கட்டத்தை அவனே தொட்டான். படிவம் போகவில்லை. கையை உயரத் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தான், வேப்பமரத்தடிக்குப் போனான், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனான். கடைசியில், மெயின் ரோட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். தான் எந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறோம் என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியதா என்று ரஞ்சிதா அவன் முகத்தைப் பார்த்தாள். தோன்றிய மாதிரி தெரியவில்லை.

ஆனாலும் அவள் பயிற்சிக்குப் போனாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்காவது இந்த ஆட்கள் மூலமாக ஒரு டவர் வந்துவிடாதா என்ற ஆசை. அந்த ஆசைக்காகப் பிற்பாடு தன்னைத்தானே பலமுறை திட்டிக்கொண்டாள்.

சேலத்தில் ஒரு குளிரூட்டிய ஓட்டல் ஹால். இரண்டு நாள் பயிற்சி. வாசலில் ஒரு பிரம்புக் கூடை. கவனம் சிதறாமல் இருக்க எல்லோரும் செல்போனை அதில் போடவேண்டும் என்றாள் வரவேற்பில் நின்ற பெண். செல்போன் கம்பெனி நடத்துகிற கூட்டத்தில் செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்களே என்று யாரும் கேட்கவில்லை. ரஞ்சிதாவும் கேட்கவில்லை. சத்தத்தை அடக்கிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு கலர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, அவரவர் கனவை வரையச் சொன்னார். ரஞ்சிதா டவர் ஒன்றை வரைந்தாள். அவர் அதை ஈபிள் கோபுரம் என்று எடுத்துக்கொண்டு, வெளிநாடு போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை என்று பாராட்டினார். கோழிக்கு ஊசி போடுகிறவள் என்று சொன்னபோது நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார். உங்கள் வாடிக்கையாளர் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். முட்டை விலை ஓடும் என்றாள். பெரிதாக யோசிக்க வேண்டும், உங்களுக்கென்று ஒரு ஆப் செய்துவிட்டால் போதும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிஷ், சேலத்தில் கேக் கடை வைத்திருப்பவன், அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் குறிப்பெடுத்தான். எட்டிப் பார்த்தாள். கேக் படம்தான் வரைந்துகொண்டிருந்தான்.

ஐந்தரை மணிக்குக் கூடை திரும்பி வந்தது. ரஞ்சிதாவின் போனில் சின்னானிடமிருந்து பத்தொன்பது அழைப்புகள்.

சின்னான் அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டுவிட்டது, உங்கள் கோழிகளுக்கு இன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும் என்று கால்நடை டாக்டர் காலையில் சொல்லியிருக்கிறார். பத்து மணியிலிருந்து ரஞ்சிதாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஊருக்கு ஆள் அனுப்பினார். அவள் சேலம் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவள் இல்லாமல் பெண்கள் மருந்தைத் தொடமாட்டார்கள். மத்தியானம் பொறுமை போய், லோடு ஏற்றுகிற ஆட்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்துவிட்டார். அவர்கள் கோழிகளை மொத்தமாக ஒரு மூலைக்கு விரட்டினார்கள். மிரண்ட கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அமுக்கி, அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்தன. முந்நூற்றுச் சொச்சம்.

ரஞ்சிதா சேலத்திலிருந்து நேரே அங்கேதான் போனாள். செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சின்னான் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நாள் பூராவும் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"அம்மிணி, நீயி போனை எடுத்திருந்தா இதுக எல்லாம் உசுரோட இருக்கும்" என்றார்.

நடந்ததை அவள் சொன்னாள். கூடையைப் பற்றியும் சொன்னாள்.

"போன் கம்பெனிக்காரனே போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும். இனி எம்பட பண்ணைப் பக்கம் வராத."

அவளுக்கு அழுகை வரவில்லை. சாக்குகளைப் பார்த்தாள். ஏழு வாரத்துக்கு முன்னால் இதே கோழிகளுக்கு ஏழாம் நாள் சொட்டு போட்டவள் அவள்தான். உள்ளங்கைக்குள் அடங்கியவை. கனவு வரைகிறேன் பேர்வழி என்று அட்டையில் கோடு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்து முடிந்திருக்கிறது என்று நினைத்தபோது, தன் கை மேலேயே ஓர் அருவருப்பு வந்தது.

இரண்டாம் நாள் பயிற்சிக்குப் போகவில்லை. வராவிட்டால் சான்றிதழ் கிடைக்காது என்று பிரபாகர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்று படித்து, அழித்தாள்.

ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை கைக்குட்டை இல்லை; டாக்டர்கள் கட்டுகிற முகமூடி. பத்துப் பேரில் அவளைத்தான் விளம்பரத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கிராமத்துப் பெண், கோழி, பதினான்கு பெண்களுக்கு வேலை, எல்லாம் எடுப்பாக இருக்கிறதாம். கரட்டுப்புதூரிலிருந்து சென்னையில் இருக்கிற தலைமை அதிகாரியோடு அவள் வீடியோவில் நேரலையாகப் பேசவேண்டும். அதைப் படம் பிடிப்பார்கள்.

இங்கே ஏது சிக்னல் என்று கேட்டாள். அதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றான். படம் நன்றாக வந்துவிட்டால் டவர் கோப்பு தானாக நகரும் என்றும் சொன்னான். அவன் கண் பொய் சொல்வது தெரிந்தது. தெரிந்தே ஒப்புக்கொண்டாள். பதினான்கு பேருக்கும் அதற்குள் பாதி நாள் வேலை இல்லை. சின்னான் சொல்லிச் சொல்லி ஏழெட்டுப் பண்ணை கைவிட்டுப் போயிருந்தது.

ஏற்பாடு என்றது ஒரு வேன். மேலே மடக்கி வைத்த கம்பம். ஊர்ப் பொதுக்கிணற்றுப் பக்கம் நிறுத்திக் கம்பத்தை நிமிர்த்தியதும், கரட்டுப்புதூரில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாப் போனிலும் கோடுகள் முழுதாக நின்றன. கண்ணாத்தாள், ரஞ்சிதாவின் கூட்டத்தில் மூத்தவள், பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தே முகம் பார்த்து ஒரு மணி நேரம் பேசினாள். ரஞ்சிதா சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பண்ணைக்காரர் கூப்பிட்டார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நாள் குறித்தாள். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஆப்பும் வேண்டியதில்லை, தன்னம்பிக்கையும் வேண்டியதில்லை.

வேனோடு வந்த இன்ஜினியர் வளவன் ராசிபுரத்துப் பையன். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னான்.

"இந்த ஊருக்கு டவர் வேணும்னு நானே மூணு தடவ எழுதிப் போட்டேனுங்க. ஊருல ஆளு பத்தாதுன்னு திருப்பி அனுப்பீட்டாங்க. வண்டி நாளான்னைக்கு ஏற்காட்டுக்குப் போகுதுங்க. அங்க ஒரு பெரிய ஊட்டுக் கலியாணம்."

அப்போதே ரஞ்சிதா முடிவு செய்துவிட்டாள். பிரபாகர் எழுதிக் கொடுத்திருந்த வசனத்தைப் பேசப்போவதில்லை. சென்னைப் பெரியவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது. கீழே இருக்கிறவர்கள் மறைத்தாலும் மேலே இருக்கிறவருக்குத் தெரிந்தால் நடக்கும் என்று கண்ணாத்தாளும் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புதுப் புடவை கட்டி, மடியில் ஒரு கோழியோடு உட்காரவைத்தார்கள். முட்டை இடாத சேவலை எடுத்துக் கொடுத்தது பிரபாகர்தான். திரையில் தலைமை அதிகாரி வந்தார். நரைத்த முடி, நல்ல முகம். வணக்கம் சொன்னார். எப்படி இருக்கிறது எங்கள் சேவை என்று கேட்டார்.

"ஐயா, இந்த ஊர்ல உங்க டவரே இல்லீங்க. இது நாளைக்குக் கலியாணத்துக்குப் போற வண்டிங்க. உங்க பயிற்சியில போனை வாங்கி வெச்சதுல முந்நூறு கோழி செத்துப்போச்சுங்க. எங்களுக்குச் சிறகெல்லாம் வேண்டாங்க, ஒரு டவர் போட்டுக் குடுங்க."

பிரபாகரின் முகமூடி மேலும் கீழும் அசைந்தது. ரஞ்சிதா திரையையே பார்த்தாள். பெரியவர் பக்கத்தில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்து நிமிர்ந்தார்.

"அருமை. உங்களை மாதிரிப் பெண்கள்தான் எங்களுக்குப் பெருமை. வாழ்த்துகள்" என்றார். திரை கறுத்தது.

சேவல் மடியில் எச்சம் போட்டது. அவர் மழுப்பியிருந்தால், கோபப்பட்டிருந்தால், மறுத்திருந்தால்கூட ரஞ்சிதாவுக்கு அவர் மேல் ஏதோ ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். பயந்து, ஆசைப்பட்டு, ஒத்திகை பார்த்து, இந்த ஆளிடம் பேசுவதற்கா இவ்வளவு என்றிருந்தது. பிரபாகர் ஓடி வந்து, சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சும்மா சிரித்தபடி வாயை மட்டும் இன்னொரு தடவை அசைத்தால் போதும் என்றான். அவள் சேவலை அவன் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அவன் கழுத்தைப் பிடித்தான். கண்ணாத்தாள்தான் போய்க் காப்பாற்றினாள், சேவலை.

வேன் போனது. கோடுகளும் போயின. ரஞ்சிதா புதுச்சத்திரத்தில் கேபிள் டிவி நடத்துகிற ராசுவைப் போய்ப் பார்த்தாள். மூன்று கிலோமீட்டருக்கு இணையக் கம்பி இழுக்க ஒரு வீடு போதாது, பத்து இணைப்பாவது வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தவன். வேன் நின்றபோது ருசி கண்டிருந்த ஊரில் இரண்டே நாளில் பதினாறு வீடு சேர்த்தாள். கம்பத்துக்குக் கம்பம் ஏணியைப் பிடித்துக்கொண்டு பெண்களே கூட நடந்தார்கள். பதினோராம் நாள் அவள் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டி வந்தது. அதன் வழியாக வீட்டுக்குள்ளேயே போன் அடித்தது. ராசு ஒரு கட்டம்கூடத் தொடவில்லை, ஒரு அட்டையும் கொடுக்கவில்லை. கம்பி இழுத்தான், போய்விட்டான்.

செவ்வானம் அந்தப் படத்தைக் கைவிடவில்லை. அவள் பேச்சை எடுத்துவிட்டு யாரோ ஒரு நகரத்துப் பெண்ணின் குரலைச் சேர்த்து ஓட்டினார்கள். நெடுஞ்சாலையில் ஆளுயர எழுத்தோடு ஒரு பலகையும் வைத்தார்கள். சேவலோடு அவள், பக்கத்தில் 'சிறகு தந்தோம், பறக்கிறார்' என்று.

பலகை வைத்து நான்கு நாள் கழித்துச் சின்னானே கூப்பிட்டார். குரலில் பழைய கடுப்பு இல்லை.

"பெரிய கம்பெனிக்காரனே உன்ற போட்டாவ ரோட்டுல வெச்சிருக்கறான். நாந்தான் அம்மிணி தப்பா நெனச்சுப்போட்டேன். பன்னெண்டாயிரம் குஞ்சு எறக்கியிருக்கறேன், நீதான் வரோணும்."

அவள் நேரில் நின்று சொன்ன உண்மையை நம்பாதவர், பலகையிலிருந்த பொய்யை நம்பிவிட்டார். ரஞ்சிதாவுக்குச் சொல்வதற்கு நாக்கு நுனி வரைக்கும் நிறைய வந்தது. இவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"எத்தன மணிக்கு வரோணுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பதினான்கு பேரும் பண்ணையில் இருந்தார்கள். ஐம்பது ஐம்பதாகக் குஞ்சுகளைத் தடுப்புக்குள் ஒதுக்கினார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து ரஞ்சிதா கலக்கினாள். சின்னான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, விளம்பரத்தில் அழகாக இருக்கிறாய், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தார். குஞ்சுகள் கலைந்து ஓடின.

"உங்களப் பாத்து மெரளுதுங்க. வெளிய போயி நில்லுங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

சின்னான் கொஞ்சம் தயங்கிப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாத்தாள் முதல் குஞ்சைப் பிடித்து நீட்டினாள். ரஞ்சிதா அதன் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணைச் சிமிட்டுகிற வரைக்கும் பார்த்திருந்து, கீழே விட்டாள்.