கண்ணின் வெள்ளை

அண்ணனின் படத்தை மானிட்டரில் திறந்ததும் சுடர்விழி முதலில் பார்த்தது சட்டையைத்தான். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அண்ணன் மகளின் காதணி விழா பேனரில் இதே சட்டை நீலம் பாரித்திருந்தது. துவைக்கும்போது நீலத்தை அள்ளிக் கொட்டிவிட்டீர்கள் என்று அண்ணி செவந்தியைக் கேலிகூடச் செய்தாள். சட்டைக்கு அப்புறம்தான் இப்போது அண்ணனின் கண்களைப் பார்த்தாள்.

அண்ணன் நாகராசு அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். நாற்பத்தொரு வயது. உடல் வீட்டுக்கு வந்து, மாலை நாலு மணிக்கு எடுப்பதாக முடிவானது. வாசலில் கட்டக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்று பேச்சு வந்ததும், நானே போட்டு வருகிறேன் என்று அவள் ஆலங்குடிக்குக் கிளம்பிவிட்டாள். அந்த ஃபிளெக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டிசைனும் அவள்தான், மெஷினும் அவள்தான். இன்றைக்கு வேண்டாம், வேறு ஆளை உட்கார வைக்கிறேன் என்று முதலாளி ஆனந்தராஜ் சொன்னார். அண்ணன் முகத்தை இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் உட்கார முடியாததும் ஒரு காரணம். பெரியம்மா அழகி காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டது, கண் மஞ்சளானதுமே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள். “கூடவே இருந்தவளுக்குத் தெரியாமப் போச்சா? புருசன் மூஞ்சிய ஏறெடுத்துப் பாத்தாத்தானே தெரியும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். செவந்தி தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த மஞ்சள் இதோ, மானிட்டரில் இருந்தது. விழாவுக்குப் பத்து நாள் முன்பு, மாசி மாதத்தில் எடுத்த, நிறம் மாற்றாத மூலப் படம்.

படத்தில் மஞ்சள் தூக்கலாக இருந்தால், அதில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரிடத்தைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். மற்ற நிறங்கள் அதற்குத் தக்கபடி நகர்ந்துகொள்ளும். சுடர்விழி எப்போதும் கண்ணின் வெள்ளையைத்தான் தொடுவாள். சட்டையை எப்படி நம்புவது, ஊரில் எத்தனை வெள்ளைச் சட்டை உண்மையில் வெள்ளை? காதணி விழா பேனர் போட்ட அன்றைக்கும் அண்ணனின் கண்ணைத் தொட்டாள். மஞ்சள் போயிற்று, சட்டை நீலமானது. செல்போன் கேமராவைத் திட்டிக்கொண்டே மெஷினுக்கு அனுப்பிவிட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் வெறும் கண்ணை நம்பி வேலை செய்கிறவளே இல்லை. வாரம் தவறாமல் மானிட்டரின் மேல் கருவியை வைத்து நிறத்தைச் சரிபார்ப்பாள். புது மை ஊற்றினால் வண்ணக் கட்டங்களை அச்சடித்து ஒவ்வொன்றாக அளப்பாள். ரோஸ் கேட்ட இடத்தில் ஆரஞ்சு வந்துவிட்டது என்று வேறு கடைகளில் சண்டை போட்டவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அன்றைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மானிட்டர் உள்ளதைக் காட்டியது, அவள்தான் அதைக் கோளாறு என்று நினைத்து அழித்தாள்.

இந்தப் படத்தை இப்போதே அழித்துவிடலாம். அழிக்காவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் வீட்டு ஆட்களில் யார் வந்து இதைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? பயமாக இருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆனந்தராஜ் பின்னால் வந்து நின்றார். அழுகிறாள் என்று நினைத்திருப்பார். கருப்பு வெள்ளையில் போட்டுவிடம்மா, சாவுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். அவளும் அப்படியே செய்தாள். ஒரு சொடுக்கில் மஞ்சள் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆறுக்கு நாலடி பேனர் மெஷினிலிருந்து இறங்க இறங்க அவளுக்கு மனசு லேசானது. லேசானதை உணர்ந்ததும் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டு வாசலில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பேனரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், செவந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். செவந்தி சுடர்விழியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“எனக்குச் சந்தேகம் வந்துச்சு சுடரு. காதுகுத்து முடிஞ்ச மறுவாரம், மூஞ்சி கழுவிட்டு வந்தப்போ கண்ணு ஒரு மாதிரி தெரிஞ்சுச்சு. வாசல்ல பேனரு கட்டியிருந்துச்சுல்ல, போயி அண்ணாந்து பாத்தேன். அதுல வெள்ளையாத்தான் இருந்துச்சு. நீ போட்டதுல கலர் தப்பாது, எங் கண்ணுதான் சரியில்லன்னு விட்டுட்டேன்.”

கடையில் இருந்தவரை சுடர்விழி, ஒருவரும் பார்க்காததைத் தானும் பார்க்காமல் விட்டதாகத்தான் நினைத்திருந்தாள். அண்ணி பார்த்திருக்கிறாள்.

எதிர்ப்பக்கம் பெரியம்மா விடவில்லை. “ஆளு உசுரோட நிக்கயில பேனரப் போயிப் பாத்தாளாம்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது சும்மா இருந்தால் சாகிறவரைக்கும் அண்ணி இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சுடர்விழிக்குத் தெரிந்தது.

“ஒங்க கண்ணு சரியாத்தான் இருந்துச்சு அண்ணி” என்றாள். “போட்டோவுலயும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. கேமரா கோளாறுன்னு நெனச்சு நாந்தான் அத வெள்ளையாக்குனேன்.”

ஒப்பாரிச் சத்தத்தில் பெரியம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது. அவளைப் பார்த்து, இன்னும் உரக்க, இரண்டாம் முறையும் சொன்னாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

செவந்தி நாகராசின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. மடியிலிருந்த சுடர்விழியின் கையை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தாள். பிறகு எழுந்து, உடலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள். பெரியம்மா காலை மடக்கிக்கொண்டு அவளுக்கு இடம் விட்டாள்.