நெற்றியில் இரண்டு ஊசி

உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, ஸ்கேனுக்கு வந்த சவோடா சட்டென்று இல்லை என்றாள். இந்தோனேசியாவின் மேடான் நகரத்துப் பெண்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் உண்மை பேசமாட்டார்கள் என்பது ஸ்கேன் எடுக்கும் யுஸ்னிதாவுக்குத் தெரியும். அதனால் எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் முகத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவாள்.

எக்ஸ்ரேயில் இரண்டு புருவத்துக்கும் மேலே, தோலுக்கடியில், மயிரிழை போல ஒவ்வொரு பொன்னூசி பளிச்சென்று தெரிந்தது.

"சுசுக் வசிய ஊசி வெச்சிருக்கீங்களேம்மா! யாரை மயக்க?"

"கட்டினவரைத்தான். வேற யாரையாம்?" என்று சீறினாள் சவோடா.

பெலாவான் துறைமுகத்தில் கப்பலேறிய புருஷன் தன் முகத்தை மறக்காமல் திரும்பி வரவேண்டும் என்று, கல்யாணமான புதிதில் மந்திரக்காரியிடம் போய்க் குத்திக்கொண்டது. போன மனுஷன் போனதுதான். இவளுக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னமும் கப்பல் சங்கு ஊதினால் கை தானாக முக்காட்டைச் சரிசெய்யும்.

"மூளையில கட்டி இடது பக்கம், நெத்திக்குப் பின்னால இருக்கு. ஊசி இருந்தா அந்த இடமே படத்துல கறுப்பா அழிஞ்சுடும். அப்புறம் டாக்டர் எதைப் பார்த்து ஆபரேஷன் பண்ணுவாரு? எடுத்துடலாம்மா."

"எடுத்துட்டா அவர் வரமாட்டாரே."

"இத்தனை வருஷமா வராதவரா?"

சவோடா இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதை மட்டும் எடு. வலது பக்கத்து ஊசி இருக்கட்டும். பாதி வழி வந்துட்டிருப்பாரு மனுஷன், திருப்பி அனுப்ப முடியுமா?"