மேலே போறவன்

முத்தம்மாவின் தெருவில் யாரும் விமானம் என்று சொல்வதில்லை. நாளெல்லாம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகிற ஒன்றை எத்தனை தடவைதான் முழுப்பெயர் சொல்லி அழைப்பது? "மேல போறவன்" என்பார்கள். அவன் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாடகை கட்டுப்படியாகாமல் விமான நிலையத்தின் பக்கம் குடிவந்ததிலிருந்து முத்தம்மாவும் பழகிவிட்டாள். பழகாதது அவள் மகள் மமதாவின் நெஞ்சு மட்டும்தான்.

மமதாவுக்கு எட்டு வயது. அவள் சிரித்தால் அந்தச் சிரிப்பு இருமலில்தான் போய் முடியும். கிளினிக்கில் தூசி என்றார்கள், ஊதுபத்தி என்றார்கள், தாளிக்கிற புகை என்றார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. கடைசியில் முத்தம்மாவின் புருஷன் அய்யாவு ஒரு முடிவு சொன்னான்: ஊரின் மறுபக்கம் அடுகோடியில் தன் தங்கை வீட்டில் பிள்ளையை விட்டுவிடலாம், அங்கேயே படிக்கட்டும். சொன்னதோடு நிற்காமல் துணிப்பையையும் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டான். பெற்ற பிள்ளையை விருந்தாளி போலப் போய்ப் பார்த்துவருவதா என்று முத்தம்மாவுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, மமதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டாள். கிளம்பிப் போன விமானம் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி, தாழப் பறந்து வந்தது. பின்னாலேயே தூறல் மாதிரி ஒன்று இறங்கியது. வெயிலில் ஏது மழை என்று நிமிர்ந்தவளின் முகத்தில் அது பிசுக்கென்று ஒட்டியது. மண்ணெண்ணெய் வாடை. வெள்ளைப் படுக்கை விரிப்பு முழுக்கத் திட்டுத் திட்டாக எண்ணெய். மமதா குனிந்து இருமத் தொடங்கினாள், இருமல் நிற்கவில்லை.

மகளை வீட்டுக்குள் இழுத்துப்போய் முகம் கழுவிவிட்டு, போலீசுக்குப் போன் போட்டாள். பதற்றத்தில் கன்னடம் எப்படி வருமோ அப்படி வந்தது.

"மேலினவனு எண்ணெ ஹாக்கிதானெ சார்! மகு கெம்தா இதெ!"

மேலே போறவன் எண்ணெய் ஊற்றிவிட்டான், குழந்தை இருமுகிறது என்றுதான் சொன்னாள். ஆனால் பெங்களூர்த் தெருக்கன்னடத்தில் எண்ணெய் போடுவது என்றால் தண்ணி போடுவது. மாடிவீட்டுக்காரன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறான் என்று புரிந்துகொண்டார் போனை எடுத்தவர். விமானம் என்று சொல்லியிருந்தால் ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டிருப்பார்கள். குடிகாரன் என்றதும் உடனே ஜீப் வந்துவிட்டது!

ஹெட் கான்ஸ்டபிள் சிவண்ணா லத்தியோடு நேரே மாடியேறினார். முத்தம்மாவும் பின்னால் ஓடினாள். மாடி அறையில் இருப்பவர் டிரேவர். கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவர், ஞாயிறு மதியத்துக்கென்று ஒரு பாட்டில் வைத்திருப்பவர். காக்கியைக் கண்டதும் பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார்.

"எல்லிம்மா அவனு, எங்க அந்த எண்ணெ போட்டவன்?" என்றார் சிவண்ணா.

முத்தம்மா வானத்தைக் காட்டினாள்.

"நான் இன்னும் தொடவேயில்ல சார்!" என்று டிரேவர் உள்ளிருந்து கத்தினார்.

"தமாஷாம்மா?" என்று கோபமாக விரிப்பை விலக்கிய சிவண்ணாவின் கை பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கீழேயிருந்து இருமல் கேட்டது.

"யாரது?"

"எம் பொண்ணு சார். இந்த இருமலாலதான் நாளைக்கு அவள எங்கிட்டேருந்து பிரிச்சு அனுப்பப் போறாங்க."

சிவண்ணா லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரிப்பைச் சுருட்டினார். "மொதல்ல ஆஸ்பத்திரி. நடிம்மா, போலாம்."

ஆஸ்பத்திரியில் அந்த விரிப்பை டாக்டர் மேஜைமேலேயே வைத்தார். அறையெல்லாம் மண்ணெண்ணெய் நாறியது. இந்தத் தடவை யாரும் ஊதுபத்தி என்று சொல்லவில்லை. இன்றைக்கு இருமலைக் கிளப்பியது இந்தத் தூறல், தினமும் இறங்குகிற புகையும் இழுப்பைக் கூட்டியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்ஹேலர் மருந்தை விடாமல் உறிஞ்சி, இப்படி நடக்கிறபோது கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

சிவண்ணா எழுதிய ரிப்போர்ட்டுக்கு விமான நிலையத்தார் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கோளாறாகித் திரும்பிய விமானம், எடை குறைந்தால்தான் இறங்க முடியும் என்று எரிபொருளைக் கொட்டியிருக்கிறது. உயரத்தில் கொட்டியிருந்தால் பெரும்பாலும் காற்றிலேயே கலைந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். காற்றை அளக்க மாடியில் ஒரு பெட்டி வந்தது. இனி இப்படி நேர்ந்தால் முன்கூட்டியே ஸ்டேஷனுக்குச் சொல்வதாக வாக்கும் வந்தது.

"வாக்கெல்லாம் சரி. சொல்லுவாங்களா?" என்றான் அய்யாவு. பயணத்தைத் தள்ளிப்போட்டானே தவிர, பை அலமாரி மேலேயே இருந்தது.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் போன் அடித்தது. சிவண்ணா. வேண்டுமென்றே அவள் பாஷையிலேயே சொன்னார்.

"முத்தம்மா, மேலினவனு இவத்து எண்ணெ ஹாக்தானந்தெ. கிடகி முச்சம்மா!"

மேலே போறவன் இன்றைக்கு எண்ணெய் ஊற்றப் போகிறானாம், ஜன்னலைச் சாத்து என்று அர்த்தம். முத்தம்மா தெருவில் வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துவிட்டு, விளையாடிக்கொண்டிருந்த மகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினாள். மூவரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எங்கோ வெகு உயரத்தில் மெல்லிய சத்தத்தோடு போனான். ஜன்னல் கண்ணாடியில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

"எண்ணெ போட்டும் தள்ளாடாம போறானேம்மா!" என்றாள் மமதா.

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முத்தம்மா பழக்கத்தில் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு சிரிப்பாகவே முடிந்தது.

அய்யாவு எழுந்து போய் அலமாரி மேலிருந்த பையை இறக்கினான். மகளின் பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டான்.