உதாரணத்துக்கு ஒரு தம்பி

1

"நான் பல் தேய்க்காம தூங்கினதைக்கூடவா எழுதுவே?"

"உன் பேரைப் போட்டேனாடா? 'தம்பி'ன்னுதானே போட்டேன்!"

"உனக்கு எத்தனை தம்பி?"

"கத்தாதீங்க ரெண்டு பேரும். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

கடைசியாகப் பேசியது அவர்களுடைய அம்மா. திறந்திருந்தது என் ஜன்னல். ஆக, இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்க வேண்டாம். காற்றுக்காகத் திறந்தேன், காற்றோடு இதுவும் வந்தது.

[முதலில் 'இதமான இளங்காலைப் பொழுது' என்று தொடங்கியிருந்தேன். படித்தால் எனக்கே கூசியது. அடித்துவிட்டேன்.]

2

அக்கா ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர். (அவனுக்குத்தான் அக்கா, எனக்கில்லை, ஆனால் தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.) தன்னைப் போல வீட்டிலிருந்து எழுதிப் பிழைப்பவர்களுக்காக ஓர் இணையதளத்தில் வாராவாரம் இலக்கணக் குறிப்பும் எழுதுகிறாள். எங்கே கால்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி, நீளமான வாக்கியத்தை எங்கே உடைப்பது. விதியை மட்டும் சொன்னால் யார் படிப்பார்கள்? உதாரணம் வேண்டும். அவள் எழுதுவது சாப்பாட்டு மேசையில். எதிரே சோபாவில் தம்பி. கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டாள்.

கால்புள்ளிக்கு: தம்பி எழுந்தான், கொட்டாவி விட்டான், மறுபடி படுத்தான்.

மேற்கோள்குறிக்கு: "நாளையிலிருந்து கண்டிப்பாக வேலைக்குப் போவேன்" என்றான் தம்பி.

கேள்விக்குறிக்கு: தம்பிக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கொடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணும் ஃப்ரீலான்ஸ்தான், மிக்ஸி, வாஷிங் மெஷினோடு வரும் கையேடுகளை எழுதுகிறவள். இரண்டு குடும்பமும் ஒரு காபிக் கடையில் சந்தித்தன. தம்பி ஏசி ரிப்பேர் செய்கிறான், காலையில் போனால் ராத்திரிதான் திரும்புவான் என்றார்கள் தம்பி வீட்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க பொண்ணு மட்டும் என்னவாம்? எழுதறவங்களுக்கே பாடம் எடுக்கறா!"

"எதுல ஆன்ட்டி?"

அம்மா இணையதளத்தின் பெயரைச் சொன்னாள். பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். தம்பியை உச்சந்தலையிலிருந்து செருப்புவரை பார்த்தாள்.

"அந்தத் தம்பி நீங்கதானா?"

ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவளாம். முதலில் நீங்கள் கேட்ட சண்டை, மறுநாள் காலையில் நடந்தது.

3

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அக்காவை எப்படி எழுதுவது? பொறாமைக்காரி என்று வைத்துக்கொண்டால் கதை சுலபமாக நகரும்.

[தம்பி நன்றாக வாழ்வது பொறுக்காத அக்கா, திட்டமிட்டே —]

திட்டமாவது, மண்ணாங்கட்டியாவது! அவளிடமே கேட்டேன்.

"கற்பனையா எழுதினா உயிரே இல்ல. ஒருதடவை 'குதிரை வேகமாக ஓடியது'ன்னு போட்டேன். ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. தம்பி கொட்டாவி விட்டா எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க."

"அதுக்குன்னு கூடப் பிறந்தவனையா?"

"நீங்க மட்டும் எங்க வீட்டு விஷயத்தை எழுதலையா?"*

* இந்தக் கேள்விக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

4

ஆனால் அவளுக்கு உறுத்தியது. தம்பி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவிலேயே சாப்பிட்டான். அடுத்த வாரக் குறிப்பில் அக்கா எழுதினாள்: தம்பி விடியுமுன் எழுந்தான். அம்மாவுக்கு உதவினான், பிறகு உற்சாகமாக வேலைக்குக் கிளம்பினான்.

வாசகர்கள் இதைப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி என்று நினைத்துக் குழம்பிப் போய்க் கேட்டார்கள்: "இதில் பிழை எங்கே? எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை."

பெண் போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள், அவள் புண்ணியவதி.

"அக்கா, பழைய தம்பி எங்க?"

"அவன் திருந்திட்டான்மா."

"அவரை யாரு திருந்தச் சொன்னா? வாரத்துல ஒரு நாள் நான் சிரிக்கறதே அவரை நினைச்சுத்தான். சோம்பேறின்னு தெரிஞ்சே கட்டிக்கறேன், நான் பார்த்துக்கறேன். எனக்குப் பயம் உங்க மேலதான்."

"என் மேலயா?"

"இத்தனை வாரமா அவரைப் பத்தி நல்லதா ஒண்ணுகூட உங்க கண்ணுல படலையே? கடைசியா எழுதினீங்க, அதுவும் பொய். நாளைக்கு நான் வந்தா என்னையும் அப்படித்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க? உங்களோட ஒரே வீட்ல நான் இருக்க மாட்டேன்கா."

அக்கா ஸ்பீக்கரை அணைத்தாள். அதற்கு மேல் என் ஜன்னலுக்கு எட்டவில்லை.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) தம்பி உண்மையிலேயே விடியுமுன் எழத் தொடங்கினான். [எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.]

(ஆ) அக்கா குறிப்பு எழுதுவதையே விட்டுவிட்டாள். [அப்புறம் சோற்றுக்கு?]

நடந்தது இதுதான். கல்யாணம் ஆனது. புதுப்பெண்ணும் தம்பியும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். "ஒரு மாசம் இருந்துட்டு வரேன்" என்று பின்னாலேயே போன அம்மா, அங்கேயே தங்கிவிட்டாள். இந்தப் பக்கம் அக்காவும் சாப்பாட்டு மேசையும் மட்டும். இப்போதெல்லாம் குறிப்புகளில் வெறும் விதிகள்தான்; ஓர் உதாரணம் கிடையாது. மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.

போன வாரம் மறுபடி போன். "அக்கா, பொண்ணு பிறந்திருக்கா. உங்களை எப்போ பார்ப்போம்னு இவர் தினமும் கேட்கறார். வாங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. லேப்டாப்பை மட்டும் அங்கேயே வெச்சுட்டு வாங்க."

இன்று காலை வாசலில் டாக்ஸி. அக்கா பையோடு மாடியிலிருந்து இறங்கினாள், டாக்ஸிக் கதவைத் திறந்தாள், ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

பையிலிருந்த லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு வரவா? மேசையிலிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொள்ளவா? இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டுமே அச்சு அசல் அவள்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி உங்கள் பாடு. டாக்ஸிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சீக்கிரம் முடிவு செய்யுங்கள், அவள் இறங்கி வருகிறாள்.