நிற்கும் சீட்டு

குழாய்க்காரரின் இதயம் நாடகத்தின் நான்காம் அங்கத்தில் நின்றுவிட்டது. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். இதில் எந்த நிற்பது எதைக் குறிக்கிறது என்று ஊரில் பலருக்கு இன்றும் குழப்பம், எழுதுகிற எனக்கும் உண்டு. வருடாவருடம் பூங்காவில் திறந்தவெளி மேடை போட்டு அந்தப் பழைய ராஜா நாடகத்தை நடத்துவார்கள். கடைசி அங்கத்தில் ராஜா விஷம் குடித்துச் சாவார், ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். குழாய்க்காரரின் மனைவி தையல்காரம்மா நாற்காலிச் சீட்டு வாங்கலாம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ராஜா இரண்டு தடவையா சாவார் என்று கேட்டுவிட்டு, இவர் மலிவான நிற்கும் சீட்டில் இரண்டு வாங்கினார். கஞ்சத்தனம் ஓர் ஆளைக் காப்பாற்றியதாக எங்கள் ஊரில் வேறு கதை கிடையாது. சீட்டின் பின்பக்கம், நாடகம் முடியும்வரை நின்றே தீரவேண்டும், உட்காரவோ படுக்கவோ சாயவோ கூடாது என்று அச்சடித்திருந்தது. வாசல்காரர் அந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்காதவர். குனிந்து செருப்பு வாரை மாட்டிய ஒருவரை முந்தின வருடம் வெளியே அனுப்பியவர்.

மேடையில் இளவரசர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது குழாய்க்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். பிடித்த கை சில்லிட்டிருந்தது. தையல்காரம்மா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், ஒன்றுமே துடிக்கவில்லை. நாற்காலி வரிசையிலிருந்து ஓடிவந்த டாக்டர் காது வைத்துக் கேட்டார். இதயம் நின்றுவிட்டது, ஆளைப் படுக்கவையுங்கள் என்றார். படுக்கக்கூடாது என்று வாசல்காரர் கம்பைத் தட்டினார். குழாய்க்காரரோ, டாக்டரின் தலை மேடையை மறைக்கிறது, தள்ளி நிற்கச் சொல் என்றார். டாக்டர் தள்ளி நின்றார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, நான் செத்துட்டேனா?" என்று குழாய்க்காரர் கேட்டார்.

"முதல்ல நாடகம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார் தையல்காரம்மா, வீட்டில் எதைக் கேட்டாலும் சொல்கிற மாதிரி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாடகம் முடிந்தால் நிற்கவேண்டிய கட்டாயமும் முடியும், மனிதர் விழுந்துவிடுவார். அதற்குள் ஐந்தாம் அங்கம் வந்து, ராஜா விஷக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். தையல்காரம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் ராஜாவின் அங்கி ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, குடிச்சிடாதீங்க. என் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டிருக்கார்."

ராஜா வேஷக்காரர் அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். செத்துச் செத்து அலுத்துப்போனவர். தாகமில்லை என்று மந்திரியிடம் சொல்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மந்திரிக்கு அதற்குப் பதில் வசனம் இல்லாததால், நல்லது பிரபு என்றார். அன்றைக்கு நாடகம் முடியவில்லை.

மறுநாளும் முடியவில்லை. ராஜா தூங்குவதும் நாடகம்தான் என்று வாசல்காரரே தீர்ப்புச் சொன்னதால் மேடையில் கட்டில் வந்தது. வசனம் தீர்ந்தபோது ஜனங்கள் தங்கள் வீட்டுச் சண்டைகளை எடுத்துக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் ராஜா பேசுவது பெரும்பாலும் மாமியார் விஷயம்தான். ஒழுகும் குழாய்களைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார்கள், குழாய்க்காரர் மேடையில் ஒரு கண் வைத்தபடி நின்றவாக்கில் சரிசெய்தார். அவர்கள் மகளின் கல்யாணம் அங்கேயே நடந்தது, சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். டாக்டர் அவ்வப்போது வந்து காது வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். ஒருநாள் மதியம் சாப்பிடப் போன ராஜா வேஷக்காரர் தன் வீட்டு நாற்காலியிலேயே காலமானார். சேதி வந்ததும் தையல்காரம்மா மேடையோரம் போய் மந்திரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மந்திரி தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை பேசினார். பிறகு வேஷக்காரரின் தம்பி வந்து கிரீடத்தை வைத்துக்கொண்டார். அது காதுவரை இறங்கியது, ஆனால் ராஜா சாகவில்லை.

கடைத்தெருவில் யாராவது வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று கேட்டால், நிக்கிறார் என்பார் தையல்காரம்மா. கேட்டவர் தலையாட்டிவிட்டு வெங்காயம் பொறுக்குவார். தையல் வேலை முடிந்ததும் அவர் பூங்காவுக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்து, கணவரின் பக்கத்தில் நிற்கிறார். தையல்காரம்மாவுக்கும் இப்போது முட்டி வலி. கால் கடுக்குது, இன்னும் எவ்வளவு நேரம்மா என்று குழாய்க்காரர் தினமும் கேட்பார்.

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கு. பேசாம பாருங்க."

அவரும் பேசாமல் பார்க்கிறார்.