வெள்ளிச் சிறகின் பின்பக்கம்

ஹில்டா அம்மையார் தன் தொண்ணூற்றெட்டாவது வயதில் கண்மூடியபோது அருமைநாயகிக்கென்று விட்டுப்போனது ஒரு வெள்ளிச் சிறகு. பிரித்தானிய விமானப்படையின் சின்னம் பொறித்த சின்ன சட்டை ஊசி. போர்க்காலத்தில் படைக்குப் போன இளைஞர்கள் தங்கள் காதலிகளுக்கு இப்படி ஒன்றை வாங்கிக் கொடுப்பது வழக்கமாம்.

லண்டன் மோர்டனில் இருந்த கிழவியின் வீட்டுக்கு ஏழு வருடம் பராமரிப்பு வேலைக்குப் போய்வந்தவள் அருமைநாயகி. ஞாயிறு தவறாமல் அந்த ஊசியைக் கிழவியின் சட்டையில் குத்திவிடுவாள். தன் காதலன் ஜாக் கடைசியாகப் பறக்கப் போகுமுன் தந்தது என்று கிழவி சொல்லுவாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லுவதைப்போல.

ஹில்டாவின் வருட நினைவுப் பூசைக்கு அதை அணிந்துபோக ஆசைப்பட்டாள் அருமைநாயகி. கொளுக்கி தளர்ந்திருந்ததால் தேவராசாவின் நகைக்கடைக்குக் கொண்டுபோனாள். பாரிசில் பத்து வருடம் பட்டறையில் இருந்துவிட்டு லண்டன் வந்தவன் அவன்.

தேவராசா கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு சிறகைத் திருப்பினான்.

"நல்ல வெள்ளி அக்கா. சிங்க முத்திரை இருக்கு. பக்கத்தில நங்கூரம், அது பேர்மிங்ஹாமில குத்துறது. இந்த ரெண்டு எழுத்தும் செய்த பட்டறைக்காரன்ர பேர்." கையேட்டைப் புரட்டினான். "கடைசியா இருக்கிற 'டி' வருசத்துக்கான எழுத்து. நாற்பத்திமூண்டு."

"வடிவாப் பாருங்கோ தம்பி."

ஹில்டாவின் கட்டில் தலைமாட்டில் ஜாக்கின் படம் இருந்தது. அதன் கீழே அவன் விமானம் கடலில் விழுந்த வருடம், 1941. ஏழு வருடம் அந்தச் சட்டத்தைத் தூசி துடைத்தவளுக்கு மறக்குமா?

"ஜாக் நாற்பத்தியொண்டிலயே செத்துப்போனார்."

தேவராசா மறுபடியும் பார்த்தான். எழுத்து மாறவில்லை. "அப்ப பிறகு வேறை ஆரும் குடுத்திருப்பினம்."

"இல்லை. அவ தானே வாங்கியிருக்கிறா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அருமைநாயகி தன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகினாள். மன்னாரில் மகள் ஷெறோன் பிறந்தபோது புருசன் செபமாலைமுத்து போட்டுவிட்ட மோதிரம் என்று கோயிற்சனம் எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்கு மூன்று மாதமாக இருக்கையில், கடைக்குப் போன மனிதன் திரும்பி வரவில்லை.

"இது பாரிசில இருக்கேக்க, லாச்சப்பல் கடையில நானே வாங்கினது தம்பி. பிள்ளைக்குக் காட்ட அவரின்ர எண்டு என்னட்ட ஒண்டும் இருக்கேல்லை."

தேவராசா தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் அக்கா. போன வருசம் பெருப்பிக்கத் தந்தனீங்களெல்லோ? உள்பக்கம் கழுகுத்தலை முத்திரை இருந்தது. அது பிரான்சில குத்துறது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"அதை நான் ஏனக்கா கேப்பான்?"

அவன் கொளுக்கியை இறுக்கிக் கொடுத்தான். எண்பது வருடம் ஒரு பொய்யை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த அந்த மனுசியின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

அன்று பின்னேரம் ஷெறோன் வேலையால் வந்ததும், உடுப்பு மாற்றவும் விடாமல் அருமைநாயகி மோதிர விசயத்தைச் சொன்னாள். ஷெறோன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். தாயின் கையை எடுத்து மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அப்பா உண்மையா உங்களுக்கு என்ன தந்தவர்?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு சீப்பு. மடுக் கோயில் திருவிழாவில வாங்கினது, நீலக் கலர் பிளாஸ்டிக்."

"சீப்போ?"

"ஓம். எனக்கு அப்ப இடுப்புக்குக் கீழ தலைமயிர். பஸ்சுக்கு நிக்கேக்க, தானே தலை இழுத்து விடுறன் எண்டு வாங்கி இழுத்தார். ரெண்டு பல்லு முறிஞ்சுபோச்சு. சனமெல்லாம் பாத்துச் சிரிச்சது."

"பிறகு?"

"மன்னாரால தப்பி வள்ளத்தில வரேக்க கடலில விழுந்திட்டுது, பிள்ளை. ஆனா முறிஞ்ச அண்டைக்கு அவற்ற முகத்தைப் பாத்திருக்கவேணும்…"

அவள் அந்த முகத்தைச் செய்து காட்டினாள். ஷெறோன் அழுதுகொண்டே சிரித்தாள்.