அப்பாவுக்குக் கொடுத்த புத்தகங்கள்

"முதல்ல இந்தப் புஸ்தகத்தையெல்லாம் தூக்குட்டி. விளக்கு வைக்க இடமில்ல" என்றாள் பேச்சியம்மாள் அத்தை. கையில் குத்துவிளக்கோடு நின்றிருந்தாள். புத்தகத்தைக் காலால் தள்ளக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வாயால் சொன்னாள்.

பங்கஜம் குனிந்து, அப்பாவின் தலைமாட்டில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். எல்லாம் தடித் தடிப் புத்தகங்கள். ரோமாபுரி வீழ்ந்த வரலாறு, புத்தர் காலத்து வணிகர்களைப் பற்றிய ஆராய்ச்சி, ஆன்மா என்று ஒன்று உண்டா என்று முந்நூறு பக்கம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் முடித்த ஒன்று. மேலே இருந்த சிலுவைப் போர்ப் புத்தகத்தின் நடுவில், கடையில் மாதிரிக்கு வெட்டும் சீட்டித் துணித் துண்டு அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவர் புரட்டப்போவதில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. இன்னும் வரவில்லையே என்று அத்தை அதுவரை கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இசக்கிமுத்து விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். ஊர் திருநெல்வேலிச் சீமை. பிழைப்பு பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மாதக் கணக்கில் கட்டிலோடு கிடந்த மனிதர். போவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன?

பங்கஜம் அவருடைய ஒரே மகள். இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் ஒரு சங்கம் நடத்திய நூல்நிலையத்தில் வேலை பார்த்தாள். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களை எல்லாம் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அது முழுப் பொய்யுமல்ல. யார் எதைக் கேட்டு வந்தாலும் அவளாக ஒன்றை எடுத்து நீட்டுவாள். கதைப் புத்தகம் கேட்பவர்களைக் கண்டால், மருந்துக் கடையில் வந்து மிட்டாய் கேட்டவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். காசி யாத்திரைக்கு வழிகாட்டிப் புத்தகம் தேடி வந்த ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், காசியில் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த மதம் கோலோச்சியது என்ற சரித்திரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு யாத்திரை போனாரா என்பது தெரியாது. கடவுள் உண்டு என்று வாதிக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால், இல்லை என்பதையும் கூடவே கொடுத்தனுப்புவாள். அதில் அவள் நேர்மையானவள். படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் விசாரித்ததில்லை. மருந்து கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

அப்பா அவளிடம் அகப்பட்டது ஜப்பான்காரன் புண்ணியத்தில். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில், அண்ணன் துரைராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்கு ரயில் ஏறிவிட்டான். கடையை விட்டு வர மாட்டேன் என்று இசக்கிமுத்து உட்கார்ந்துகொண்டார். அவரை விட்டுப் போக மாட்டேன் என்று அம்மா முத்துலட்சுமியும், அவர்கள் இருவரையும் விட்டுப் போக மாட்டேன் என்று பங்கஜமும் தங்கிவிட்டார்கள். ஆளில்லாத கடையில் எத்தனை நாள்தான் ஈ ஓட்டுவது? படிக்க ஏதாவது கொடு என்று மகளைக் கேட்டார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். பங்கஜம் கொஞ்சமும் யோசிக்காமல் ரோமாபுரியைத் தூக்கிக் கொடுத்தாள்.

அவர் முதலில் தாளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டு படித்தால் அவருக்குப் படித்த மாதிரியே இருக்காது. முத்துலட்சுமி அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பாள். இது சாமியை ஏசுகிற புத்தகமா, புகழ்கிற புத்தகமா என்று கேட்பாள். இரண்டும் இல்லை என்றால், பின்னே எதற்கு அதை அச்சுப்போட்டான் என்பாள்.

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். வியாபாரமும் திரும்பியது. படிப்பு மட்டும் நிற்கவில்லை. சில புத்தகங்களை நாலைந்து பக்கத்தோடு நிறுத்தி, "சாயம் போவும்" என்று ஜவுளிக்காரர் பாஷையில் தள்ளிவிடுவார். சிலவற்றை முடித்துவிட்டு யாரோடும் பேசாமல் திரிவார். ஒரு நாள், இத்தனையில் எது உன்னை மாற்றியது என்று மகளைக் கேட்டார். பங்கஜம் யோசித்துப் பார்த்தாள். எதை யாருக்குக் கொடுக்கலாம் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

போன வருஷம் சித்தப்பா இறந்தார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டபோது பங்கஜமும் வரிசையில் நின்று போட்டாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உயிரோடு இருந்தபோது அந்த மனுஷரை ஒரு வாய்ச் சோற்றுக்கு யாரும் கூப்பிடவில்லை, செத்த வாய்க்கு அரிசி போட இத்தனை கூட்டமா, நானும் அல்லவா அந்தக் கூத்தில் ஆடிவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். அவர் படிப்பில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் அம்மா அடுப்பங்கரையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா கையசைத்துப் பங்கஜத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"உங்கம்மா எல்லாம் முறைப்படி செய்வா. செய்யட்டும். அவளுக்கு அது நெசம். துரைராசுக்கும் நெசம். நீ மட்டும் எனக்கு அரிசி போடாதம்மா."

பங்கஜம் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

"நம்பினேன்னா போடு. ஊருக்காகப் போடாத. உங்க சித்தப்பனுக்குப் போட்டுட்டு வந்து சிரிச்சியே, அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கே நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது. "நீங்க நம்புதியளாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியலையே. பாதிதான படிச்சிருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை.

புத்தகங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பங்கஜம் பின்கட்டுக்குப் போனாள். கிணற்றடிச் சுவரோரம் காதர் நின்றிருந்தார். கடை வாசலில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். துணிக் கட்டுப்பாட்டுக் காலம். ஜவுளிக்காரருக்கே கோடித் துணிக்கு அலைய வேண்டியிருந்தது. காதர்தான் எங்கோ சொல்லி ஒரு மல் துண்டு வாங்கி வந்திருந்தார். அப்பா படுத்ததிலிருந்து சாயங்காலம் தவறாமல் வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். அவள் கையிலிருந்த மேல் புத்தகத்தை அவருக்கு அட்டையை வைத்தே அடையாளம் தெரிந்தது.

"இந்த சண்டைக் கதையத்தாம்மா நைனா சொல்லிக்கினு இருந்தாரு. ஊர வளைச்சிக்கினு நிக்கிறானுங்க, மீதிய நாளைக்கி சொல்றேன்னாரு. பாதில கீது" என்றார். பிறகு தயங்கி, "அப்பால இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார்.

அந்தப் புத்தகத்தின் முடிவு பங்கஜத்துக்குத் தெரியும். பிறகு சொல்வதாகத் தலையை மட்டும் ஆட்டினாள். படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் அவர் முகத்தைப் பார்த்து மேலே சொன்னவர் அப்பா. தான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

துரைராஜ் பாடைக்கு மூங்கில் வந்ததா என்று பார்க்க அந்தப் பக்கம் வந்தான். அவனிடம், தன்னால் வாய்க்கரிசி போட முடியாது, அத்தையிடம் சொல்லித் தன்னை விட்டுவிடச் செய் என்று கேட்டுக்கொண்டாள். அவன் அவளையும் கையிலிருந்த புத்தகங்களையும் பார்த்தான். படுக்கையில் கிடந்த மனுஷனுக்கு ஆன்மா உண்டா இல்லையா என்று புத்தகம் கொடுத்தவள் நீ, இன்றைக்கும் உன் தர்க்கத்தை விட மாட்டாயா என்றான். அம்மாவுக்காகப் போட்டால் உன் சொத்து என்ன குறைந்துவிடும் என்றான். அப்பா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பாவே பாதி நம்பிக்கையோடுதான் போனார் என்று அம்மாவுக்கு இந்த நாளில் தெரிந்துவிடும். பங்கஜம் வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது நீர்மாலைத் தண்ணீர் வந்தது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நெற்றியில் நீறு பூசிக் கிடத்தினார்கள். வாய் திறக்காமல் கட்டிய நாடிக்கட்டுக்குள் அப்பாவின் முகம், ஏதோ ஒரு பக்கத்தை முடித்துவிட்டு யோசிப்பவருடையது போல இருந்தது. பொம்பளைங்க வாய்க்கரிசி போட வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா முதலில் போட்டுவிட்டுக் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை போட்டாள். அண்ணி போட்டாள். அரிசிப் பானை பங்கஜத்திடம் வந்தது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். போட வேண்டும் என்று கை துடித்தது. வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு ஆசையாகச் செய்ய விரும்பியதில்லை. நம்புகிறோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்பா எங்கேயோ பசியோடு நடந்து போகிறார் என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. அது நம்பிக்கையா, துக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன் அப்பா என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது?

"போடுட்டி. பெத்த அப்பனுக்கு ஒரு பிடி அரிசி போடக் கை வரலையா?" என்றாள் அத்தை.

படிப்பு அவளைக் கல்லாக்கிவிட்டது என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் முகத்துப் பக்கம் இழுத்தாள். பங்கஜம் எதிர்த்து இழுக்கவில்லை. அத்தை இழுத்து அரிசி விழுந்தால் அது தன் செயல் இல்லை, அப்பாவும் கோபித்துக்கொள்ள முடியாது என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பே அவளை உலுக்கிவிட்டது. விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அவ கைய விடுங்க மதினி."

அம்மாதான். காலடியில் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"அரிசி வேண்டாம்னு அவியதான் அவகிட்ட சொன்னாவ. அடுப்பங்கரையில எனக்கும் கேட்டுச்சு."

ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தை கையை விட்டாள். ஆனால் அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அள்ளிய அரிசியைத் திரும்பப் பானையில் போடக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, அதை என்னதான் செய்வது என்று கேட்டாள்.

முத்துலட்சுமி அம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். மகளுக்கு முன்னால் வந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள். சாவு அரிசியைச் சேலையில் வாங்குகிறாளே என்று ஒரு பெண் பதறி அவள் தோளைத் தொட்டாள். அவள் அசையவில்லை. பங்கஜம் விரல்களைத் திறந்தாள். வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த அரிசியை அம்மாவே விரலால் தள்ளித் தள்ளி முந்தானையில் விழவைத்தாள்.

"அவியளுக்கு வேண்டாம். நான் போவயில எனக்கு வேணும்ட்டி" என்றாள், மகளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "நம்பிப் போட்டாலும் சரி, நம்பாமப் போட்டாலும் சரி. வீட்டுக்கு வந்து சிரிச்சாலும் சரி."

வாசலில் சங்கு ஊதினார்கள். ஆண்கள் உள்ளே வந்து, பெண்களை விலகச் சொல்லிவிட்டுக் குனிந்தார்கள். முத்துலட்சுமி அம்மாள் சுவரோரம் ஒதுங்கி நின்று, முந்தானை நுனியைச் சுருட்டி அரிசியை முடிந்தாள். முடிச்சு நிற்கவில்லை. மறுபடி முடிந்து, குனிந்து, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.